இரைச்சல் இல்லாத ரேடியோ

ஜெசிந்தா பின்கட்டில் குத்தவைத்து உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். தலையைக் கிள்ளும்போதே குடலும் சேர்ந்து வந்துவிடும். அதை ஓலைமேல் போட்டு, மீனை மண்சட்டித் தண்ணீரில் விட்டாள். கை நிற்கவேயில்லை.

வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு தார்சியூஸ் உள்ளே வந்தார். ஜெசிந்தாவின் புருஷன் கிளீட்டஸ் வேலைக்குப் போகிற போட்டின் ஸ்ராங்கு அவர். போட்டை ஓட்டுவது அவர்தான். கரையை விட்டால் அவர் சொல்லுவதுதான் சட்டம்.

அவரைக் கண்டதும் அவள் எழும்பப் பார்த்தாள்.

“இரி மக்களே, இரி. இன்னைக்கு நீ குரு, நான் சீடன். சீடன்தான் நிக்கணும்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கூச்சக்காரி. ஆள் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டாள், சட்டியைப் பார்த்துத்தான் பேசுவாள் என்று தார்சியூஸுக்குத் தெரியும். ஆனாலும் ரேடியோ விஷயம் என்றால் ஊரில் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள்.

கிளீட்டஸ் கடலுக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பழக்கம். ஆழக்கடலில் போன் எடுக்காது. காற்று வருகிறதா, கடல் கொந்தளிக்குமா என்று அந்தப் போட்டுக்குச் சொல்ல ஒரு சின்ன மீடியம் வேவ் ரேடியோதான் உண்டு. அங்கே அவன் கேட்பதை இங்கே நானும் கேட்கிறேன் என்று உட்கார்ந்தவள், பொழுது சாயும் நேரத்தில் எங்கெங்கோ இருக்கிற ஸ்டேஷனையெல்லாம் பிடிக்கப் பழகிவிட்டாள். இப்போது தெருவில் யார் ரேடியோ வாங்கினாலும் அவளிடம் ஒருமுறை காட்டுவார்கள். நல்லது, மோசம் என்று அவள் சொல்லமாட்டாள். ‘இன்னும் கொஞ்சம் கேட்டுப் பாருங்க’ என்பாள். அவ்வளவுதான் அவளுடைய உபதேசம்.

தார்சியூஸ் சட்டைப் பையிலிருந்து இரண்டு ரேடியோக்களை எடுத்தார். இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்குகிறவை.

“இது சக்கரத்தத் திருகி முள்ள நகத்துறது. இது எண் காட்டுறது. ரெண்டுல ஒண்ணு எடுக்கணும். நான் முடிவு பண்ணியாச்சு. நீ ஒரு ஆமாம் சொல்லிட்டா, இப்பவே போட்ட எடுத்துருவேன்.”

“எதுக்கு மாமா ரேடியோ?”

“எதுக்கா? உங்க மாமியாருக்குப் பாட்டுக் கேக்க!”

சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவருடைய சிரிப்பும் நிலைக்கவில்லை.

“போன தடவ பட்ட பாடு உனக்குத் தெரியாததா மக்களே?”

ஊருக்கே தெரியும். நடுக்கடலில் திடீரென்று காற்று அடித்தது. வலையை அறுத்துவிட்டு, தண்ணீரை இறைத்துக்கொண்டே போய் ஒரு தீவில் ஒதுங்கினார்கள். பிழைத்து வந்தது கடவுள் செயல். போட்டு கரை சேர்ந்த அன்று ஜெசிந்தா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். அன்றைக்கு மட்டும் அவள் தார்சியூஸின் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் இறங்கிய கிளீட்டஸைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அவள் கால் தரையில் ஊன்றியது.

“பழைய ரேடியோ வாயத் திறக்கல. அந்த எளவு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, காத்து வாறதுக்கு முந்தியே திரும்பியிருப்போம்.”

நெத்திலி கிள்ளுகிற கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மறுபடியும் ஓடியது.

“போட்டுப் பாருங்க மாமா. என் கையில மீன்.”

எண் காட்டுகிற ரேடியோவை அவர் போட்டார். மரம் அறுக்கிற மெஷின் மாதிரி ஒரு கத்தல். மற்றதைப் போட்டார். அதிலும் அதே கத்தல்.

“இதென்ன! கடையில நல்லா இருந்துதே?”

“அடுக்களை லைட்ட அணைங்க.”

கையை உள்ளே விட்டு சுவிட்சைத் தட்டினார். கத்தல் சட்டென்று நின்றது.

“யாருலே லைட்ட அணச்சது?” உள்ளேயிருந்து ஜெசிந்தாவின் மாமியாரின் குரல்.

“நான்தான் அக்கா, தார்சியூஸ்.”

“ஊரெல்லாம் விளக்கேத்தப் போற நேரத்துல எங்க வீட்ட இருட்டாக்கவா வந்த? பிள்ளைக்கு இப்பதான் கண்ணு சொருகியிருக்கு. சத்தம் போடாதீங்க.”

தார்சியூஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பல்ப்பா அப்படிக் கத்துச்சு?”

“எல்.இ.டி. பல்புதான் மாமா. போட்டுலயும் இருக்கும்லா?”

“வரிசையா கட்டி வெச்சிருக்கேன்.”

“ரேடியோ கேக்குற நேரம் மட்டும் அணச்சு வைங்க.”

அவர் தலையாட்டினார். இது போதும் என்று அவர் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அவருக்கு அந்த ஆமாம் வேண்டும்.

“பாட்டுப் போடுறேன், கேளு.”

திருவனந்தபுரம் ஸ்டேஷனைப் பிடித்தார். எண் காட்டுகிற ரேடியோவில் பாட்டு கண்ணாடி மாதிரி வந்தது. மற்றதிலும் வந்தது, கொஞ்சம் கரகரப்போடு.

“பாத்தியா வித்தியாசத்த?”

“பக்கத்து ஸ்டேஷன் எல்லா ரேடியோவுலயும் வரும் மாமா.”

“அப்போ எதுல பாக்க?”

“ஸ்டேஷன் இல்லாத இடத்துல வெச்சுப் பாருங்க.”

“ஸ்டேஷன் இல்லாத இடத்துல என்னத்தக் கேக்க?”

“அதத்தான் கேக்கணும்.”

சும்மா கேட்டுவைப்போம் என்று திருப்பினார். எண் காட்டுகிற ரேடியோ அடங்கிப் போனது. பூசை முடிந்து ஆள் போன கோயில் மாதிரி அப்படியொரு அமைதி. முள் ரேடியோவைத் திருப்பினார். ‘உஸ்ஸ்’ என்று இரைந்தது. கடல் தூரத்தில் இரைவது மாதிரி இல்லை, காதுக்குள்ளேயே இரைவது மாதிரி.

தார்சியூஸின் முகம் மலர்ந்தது.

“இதுக்குத்தான் நான் முடிவு பண்ணியாச்சுன்னு சொன்னேன். எது என் போட்டுக்கு ஏத்த ரேடியோ, சொல்லு? மத்த போட்டுல போய்ப் பாரு, மீன் சந்த மாதிரி இருக்கும். ஆளுக்கொண்ணு பேசுவான். என் போட்டுல ஒருத்தன் மூச்சு விடுற சத்தம் கேக்காது. தேவையில்லாம எவனும் வாயத் திறக்கமாட்டான்.”

“தெரியும் மாமா.”

“கிளீட்டஸ் சொன்னானா?”

“அவரு எங்க சொன்னாரு! வீட்லயும் அப்படித்தானே இருக்காரு.”

தார்சியூஸ் வாய்விட்டுச் சிரித்தார். பிள்ளை தூங்குவது ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

“நல்ல பழக்கம்தானே! உனக்கு நிம்மதி. அப்போ இதுதானே எடுக்கணும்? ஆமாம்னு சொல்லு.”

“பொழுது சாயட்டும் மாமா.”

“அது சாயுறதுக்கும் இதுக்கும் என்ன?”

“பகல்ல பக்கத்து ஸ்டேஷன் மட்டும்தான் வரும். தூரத்துல உள்ளவங்க பொழுது சாஞ்சாத்தான் ஏறி வருவாங்க.”

“அங்க பயலுவ காத்துட்டு நிக்கானுவ.”

அவள் அடுத்த மீனை எடுத்தாள். அவர் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். உட்கார்ந்து பழக்கமில்லாத மனுஷன். காலை ஆட்டினார். வேலியைப் பார்த்தார். கடைசியில் குனிந்து ஒரு கைப்பிடி நெத்திலியை அள்ளித் தன் பக்கம் வைத்துக் கிள்ள ஆரம்பித்தார்.

“அய்யோ, வேண்டாம் மாமா.”

“குருவுக்குச் சீடன் இதாவது செய்யாண்டாமா?”

ஜெசிந்தா தோளில் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு பேரும் கிள்ளினார்கள். தென்னைகளுக்குப் பின்னால் வெயில் சிவந்து, பிறகு மங்கியது.

“இப்பம் பாக்கலாம். கையக் கழுவிட்டுத் தொடுங்க. மீன் வாட அடிச்சா, கடக்காரன் மத்தத திருப்பி எடுக்கமாட்டான்.”

அவர் கழுவி, வேட்டியில் துடைத்தார்.

“ஒண்ண அந்தக் கல்லுல வைங்க. மத்தத அந்தப் பக்கத்து வீட்டு மதில் மேல. ஒட்டி வெச்சா ஒண்ணோட ஒண்ணு சண்ட போடும்.”

வைத்தார்.

“முள் ரேடியோவ எடுத்து, முள்ளக் கீழ்க்கோடிக்குக் கொண்டு போங்க. இன்னும் கொஞ்சம். மெள்ள. நில்லுங்க.”

இரைந்தது.

“ஒண்ணுமே இல்லையே?”

“ரேடியோவத் திருப்புங்க.”

அவர் சக்கரத்தைத் தொட்டார்.

“சக்கரத்த இல்ல மாமா. ரேடியோவையே. நீங்க அங்கனயே நின்னு திரும்புங்க.”

முதலில் அவருக்கு வெட்கமாக இருந்தது. குழந்தைகள் சுற்றி விளையாடுவது மாதிரி, கையில் ரேடியோவோடு மெள்ளத் திரும்பினார். வீட்டுப் பக்கம் திரும்பினால் இரைச்சல் கூடியது. கடல் பக்கம் திரும்பினால் அப்படியே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் இரைச்சல் கொஞ்சம் விலகியது. விலகின இடத்தில் ஒரு ஆள் பேசிக்கொண்டிருந்தான்.

தார்சியூஸ் அசையாமல் நின்றார்.

அந்தக் குரல் அலையில் ஏறி இறங்குகிற வள்ளம் மாதிரி ஏறியது, இறங்கியது, மறைந்தது, மறுபடியும் ஏறியது. தமிழ்தான்.

“இதே இடத்த அதுல பிடிங்க.”

முள் ரேடியோவைக் கல்லில் வைத்துவிட்டு, மதில் மேலிருந்த ரேடியோவில் எண்களை ஓடவிட்டு அதே இடத்தில் நிறுத்தினார். அமைதி. சத்தத்தைக் கூட்டினார். அமைதி. முழுக்கக் கூட்டினார்.

“மீனவர்கள்” என்றது. அடங்கிவிட்டது.

அவர் ரேடியோவைக் காதருகே கொண்டுபோனார்.

“காற்று” என்றது. அதோடு சரி.

“என்ன காத்து? எங்க காத்து?” தார்சியூஸ் ரேடியோவிடம் கேட்டார். அதைக் குலுக்கினார். ஒரு பதிலும் இல்லை. அவர் நெற்றியில் வியர்த்துவிட்டது. அதை மதில் மேல் போட்டுவிட்டு ஓடிவந்து முள் ரேடியோவை எடுத்தார். அவர் நின்ற இடத்தையே மறந்துவிட்டிருந்தார்.

“அந்த முருங்க மரத்தப் பாத்து நில்லுங்க மாமா.”

நின்றார். இரைச்சல் பெருகியது, வடிந்தது. உள்ளே அந்த ஆள் அவசரமே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தான். காற்று மிதமாக வீசும் என்றான். ஏதோ ஊர்ப் பெயர்களைச் சொன்னான், அவற்றில் பாதி இரைச்சலில் போயிற்று. கடலுக்குச் செல்வோருக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை என்றான். அதைச் சொன்னதும் மறுபடி அமிழ்ந்து போனான்.

தார்சியூஸ் நெஞ்சில் கை வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

“ஆண்டவரே. ஒரு நிமிஷத்துல உயிரே போயிட்டு.”

அவள் மீனை அலசினாள்.

“அந்த மூதேவி ஏன் பாதி சொல்லிட்டு முழுங்குது? செவிடா?”

“செவிடு இல்ல மாமா. செவிடா இருந்தா அந்த ரெண்டு வார்த்த எங்கேருந்து வரும்?”

“அப்போ கேக்கு?”

“கேக்கு.”

“கேட்டுட்டு ஏன் சொல்லமாட்டேங்குது?”

ஜெசிந்தா சட்டித் தண்ணீரை வாழை மூட்டில் ஊற்றினாள். புதுத் தண்ணீர் விட்டாள்.

“தெளிவா இல்லாதத வெளிய விட்டா ஆளுவளுக்கு எரிச்சல் வருதுல்லா. சந்தேகமா இருந்தா வாய மூடிட்டு இருன்னு அதப் பழக்கி வெச்சிருக்காங்க.”

“யாரு?”

“அதப் பழக்குனவங்க.”

தார்சியூஸ் கல்லில் உட்கார்ந்தார். முள் ரேடியோ அவர் மடியில் இரைந்துகொண்டிருந்தது. அணைக்கத் தோன்றவில்லை.

அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் அவருக்கு ஏறி வந்தது. ரேடியோவில் இல்லை.

போன பயணத்தில், காற்று வருவதற்கு முந்தின பொழுது. பின்னணியத்தில், போட்டின் வால்பக்கம், கிளீட்டஸ் பழைய ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டிருந்தான். எழும்பி வந்தான். ‘மாமா, என்னமோ காத்துன்னு சொல்லுகான். நல்லாக் கேக்கல’ என்றான். அவர் தூண்டில் கயிற்றின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தார். ‘நல்லாக் கேட்டாச் சொல்லு. இல்லன்னா அந்த எளவ அடச்சுட்டுப் போய்ப் படு’ என்றார். கிளீட்டஸ் அடைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

இதை அவர் மறைக்கவில்லை. மறந்தே போயிருந்தார். அப்படி எத்தனையோ சொல்லுகிறவர். எதையென்று ஞாபகம் வைப்பார்?

“மக்களே.”

“என்ன மாமா?”

“கிளீட்டஸ் உன்ட்ட ஏதாவது சொன்னானா?”

“எதப் பத்தி மாமா?”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சட்டியைப் பார்த்தாள். தெரிந்து கேட்கிறாளா, தெரியாமல் கேட்கிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை.

படல் பக்கம் நிழல் ஆடியது. கிளீட்டஸ் வந்து நின்றான். அவனுடைய வீடுதான், ஆனாலும் ஸ்ராங்கு உள்ளே இருப்பதைப் பார்த்து வெளியிலேயே நின்றான்.

“ஐஸ் ஏத்தியாச்சு மாமா. எல்லாரும் வந்தாச்சு.”

“செரி. வேற?”

“வேற ஒண்ணுமில்ல.”

எப்போதும் இந்த இடத்தில் தார்சியூஸ் எழும்பிவிடுவார். அவன் முன்னால் நடப்பான், அவர் பின்னால் நடப்பார், போட்டு கிளம்பும். இன்று அவர் எழும்பவில்லை. பேசவும் இல்லை. கிளீட்டஸ் ஒரு காலால் மறுகாலைத் தேய்த்தான். ‘என்னலே முழிச்சுட்டு நிக்க?’ என்று அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை உள்ளேயே வைத்துக்கொண்டார். மடியில் ரேடியோ இரைந்தது. அவனும் போகவில்லை.

“இல்ல மாமா... இஞ்சின்ல...”

அவர் காத்திருந்தார்.

“கியர் பெட்டிப் பக்கம் என்னமோ ஒரு சத்தம் மாதிரி இருந்துச்சு. எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னமோ. மத்தவங்களுக்குக் கேக்கல.”

“எப்படிச் சத்தம்?”

“சொல்லத் தெரியல.”

“தெரிஞ்ச மட்டும் சொல்லு.”

கிளீட்டஸ் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான். “தூக்கத்துல பல்லக் கடிப்பாங்கள்லா, அது மாதிரி. போட்டப் பின்னால எடுக்கும்போது மட்டும்.”

தார்சியூஸ் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். காலையில் போட்டை ஐஸ் ஏற்றுகிற இடத்துக்குப் பின்னால் எடுத்தபோது கியர் கம்பி அந்தக் கையில் ஒரு உதறு உதறியது. எண்ணெய் போடவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

“மெக்கானிக்கக் கூப்பிடு. பொழுது வெளுத்த பொறவு பெட்டியத் திறந்து பாக்கட்டும். இன்னைக்குப் போட்டு எடுக்காண்டாம்.”

கிளீட்டஸுக்கு நம்ப முடியவில்லை. “ஐஸ் உருகிருமே மாமா?”

“உருகட்டும்லே. நடுக்கடல்ல கியர் போனா ஐஸ வெச்சா துடுப்புப் போட?”

ஜெசிந்தாவின் கை நின்றுவிட்டது. புருஷன் இன்று வீட்டில் இருப்பான் என்பது அவளுக்கு இப்போதுதான் எட்டியிருக்கவேண்டும். குனிந்தபடியே, ஏற்கெனவே கிள்ளி அலசி வைத்திருந்த மீனை மறுபடியும் ஒருமுறை அலசினாள்.

கிளீட்டஸ் இரண்டடி போய்த் திரும்பி வந்தான்.

“மாமா, இன்னொண்ணும் இருக்கு.”

“இன்னொண்ணா?”

“தண்ணி இறைக்குற பம்புல ஒரு குழாயி நைஞ்சு போய் இருக்கு. பொறவு அந்தோணிக்கு அந்த முன்னால உள்ள பலகையில கால் வைக்கப் பயமா இருக்காம். உங்கட்ட சொல்லாண்டாம்னு சொன்னான்.”

“இன்னும் எத்தனலே வெச்சிருக்க?”

“யோசிச்சுப் பாத்தாத்தான் தெரியும் மாமா.”

தார்சியூஸ் அவனையே பார்த்தார். தன் போட்டில் ஏறின நாளிலிருந்து இவன் பேசின பேச்சையெல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வராது. கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. முதுகிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. இதுவரை அதை ஒற்றைக்குச் சுமந்திருக்கிறோம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

“போ. போய் மெக்கானிக்கக் கூப்பிடு. நடக்கும்போதே யோசி. வந்து எல்லாத்தையும் சொல்லு.”

கிளீட்டஸ் போனான். ஓட்டமும் நடையுமாகப் போனான்.

மதில் மேலிருந்த ரேடியோவைத் தார்சியூஸ் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்க. மற்றது கையிலேயே இருந்தது, இரைந்துகொண்டு. அந்த ஆள் மறுபடி ஏறி வந்து எதையோ சொல்லிவிட்டுப் போனான்.

“இதையே எடுத்துக்கிடுகேன். ஆனா மக்களே, எனக்குச் சத்தமே ஆவாது. இந்த இரைச்சல வெச்சுட்டு நான் எப்படிக் கடல்ல இருக்க? தல வெடிச்சுரும்.”

அவள் கையைக் கழுவினாள். எழும்பினாள். அன்றைக்குக் கரையில் பார்த்த மாதிரி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“கொஞ்ச நாளு கஷ்டமாத்தான் இருக்கும் மாமா. அணைக்காம வெச்சிருங்க. பொறவு இரைச்சல் அங்கன கிடக்கும், உங்க காது அதத் தாண்டிப் போயிரும். உள்ள நிக்குற ஆளு என்ன சொல்லுகான்னு...”

“ஜெசிந்தா! பிள்ள எழும்பியாச்சு, ஓடி வா!”

“இதோ வாறேன் மாமி. நிக்குற ஆளு மெதுவாச் சொன்னாலும் மாமா, நம்ம காதுல விழுந்துரும்” என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே ஓடினாள்.